தயங்கும் விரலுக்கு மட்டும்

கண்ணாடிக்கு இந்தப் பக்கம்
நான், வெந்துலா, ஆறிப்போன காப்பி.
அந்தப் பக்கம் லிபூஷே க்ரெய்ச்சோவா.
பிர்னோ டிராம் பணிமனையின்
இரவுக் கட்டுப்பாட்டு அறையிலிருந்து
ஷிஃப்ட் முடிந்து நேரே வந்தவர்.
கோட்டைக்கூடக் கழற்றவில்லை.
தோளில் பனி உருகிக்கொண்டிருந்தது.

"வரைபடத்தைத் திறங்கள்" என்றோம்.
கை விசைப்பலகையை விட்டு மவுஸைத் தேடியது.
அம்பு கீழ்மூலைக்கு ஓடி,
தாண்டிப் போய்,
திரும்பி வந்து சொடுக்கியது.
நான்கு நொடி.

ஓர் இரவில் எத்தனை தடவை?
"எண்ணியதில்லை. இருநூறு இருக்கும்."
எத்தனை வருடமாய்?
"இந்தக் கணினி வந்து ஏழு."

வெந்துலா பெருக்கத் தொடங்கினாள்.
வேண்டாம் என்றேன்.

அந்தக் கதவுக்குக் குறுக்குவழி வைத்தவன் நான்.
சூப்பர் விசையோடு மூன்று.
அவ்வளவுதான், வரைபடம் வந்து நிற்கும்.
ஏழு வருடமாய்
அவருடைய இடது சுண்டுவிரலுக்கு
ஒரு விரற்கடை தள்ளிப் படுத்துக் கிடந்தது
யாரும் பெயர் சொல்லி அழைக்காத நாய்.

"எழுதி வைத்திருந்தோமே" என்றான் ரதீம்.
வைத்திருந்தோம்.
அமைப்புகள், அதற்குள் விசைப்பலகை,
அதற்குள் 'அனைத்தையும் காண்க',
அதற்குள் அறுபத்திரண்டு வரிகளில்
நாற்பத்தொன்றாவது.
கிணற்றின் அடியில் பலகை நட்டு
'இங்கே கிணறு உண்டு' என்று எழுதியிருந்தோம்.

தெரிந்தவர் சொல்வதில்லை.
தெரியாதவரோ
இருப்பதே தெரியாத ஒன்றை
எந்தப் பெயரில் தேடுவார்?

சோதனையில் விடை சொல்லக் கூடாது. விதி.
எழுந்து போய்ச் சொன்னேன்.
அழுத்திப் பார்த்தார். வரைபடம் வந்தது.
இன்னொரு முறை. வந்தது.
மகிழ்வார் என்று நினைத்தேன்,
முகம் சிவந்துவிட்டது.

"நெற்றியில் எண் இல்லாமல்
ஒரு வண்டியைத் தண்டவாளத்தில் விட்டால்
காலையில் எனக்கு வேலை இருக்காது.
பன்னிரண்டு வரும் என்று
முன்பே அறிந்தவர் மட்டும் ஏறட்டும் என்றா
நாங்கள் ஓட்டுகிறோம்?
நீங்கள் ஒன்பது வண்டி ஓட்டுகிறீர்கள்.
ஒன்றின் நெற்றியிலும் ஒன்றுமில்லை."

பிறகு காப்பி கேட்டார். சர்க்கரை மூன்று.

இரண்டு வாரம் சண்டை.
எண்களை எப்போதும் காட்டு என்றான் ரதீம்.
திரை பஞ்சாங்கம் மாதிரி ஆகிவிடும் என்றேன்.
சூப்பரைத் தொட்டதும் காட்டினால்
பழகியவர் கண்ணில் மின்னல் வெட்டும்.
ஒரு நொடி பொறுத்துக் காட்டினால்
புதியவர் விரலை எடுத்துவிட்டிருப்பார்.
தெரிந்தவருக்கும் தெரியாதவருக்கும் நடுவே
எத்தனை மில்லிநொடி?
வெந்துலா கழுத்து நாடியில் விரல் வைத்து
கொஞ்ச நேரம் கூரையைப் பார்த்தாள்.
"ஒரு துடிப்பில் பாதி" என்றாள்.
நானூறு என்று எழுதினேன்.

இப்போது
சூப்பரில் விரல் வைத்து
'அடுத்து என்ன' என்று நின்றால்
படங்களின் நெற்றியில் மஞ்சளாய்
எண்கள் எழும்.
பழகிய விரல் அவற்றைப் பார்ப்பதேயில்லை,
வெளிச்சம் வரும் முன் கடந்துவிடுகிறது.
தயங்குகிற விரலுக்கு மட்டும்
விளக்கெரியும் நிறுத்தம்.

விரல் முதலில் அங்கே எதற்குப் போகும் என்று
கேட்காதீர்கள்.
அது அடுத்த சண்டை.

மார்ச்சில் லிபூஷேவை மறுபடி அழைத்தோம்.
விரலை வைத்தார். நின்றார். எண்கள் வந்தன.
வாய்க்குள் ஒவ்வொன்றாய்ப் படித்துக்கொண்டே போனார்
தடம் சரிபார்க்கிற மாதிரி.
ஒன்பதில் நின்றார்.

பத்தாவதாய் ஒரு படம், சீட்டாட்டம்.
நெற்றி வெறுமை.

"இது?"
ஒன்பதுக்கு மேல் யோசிக்கவில்லை என்றேன்,
கொஞ்சம் வெட்கத்தோடு.

"பரவாயில்லை.
பணிமனைக்குத் திரும்புகிற வண்டி.
யாரும் ஏறக் கூடாது" என்று சொல்லி
மவுஸை எடுத்து,
நிதானமாய்,
அதையே சொடுக்கினார்.